கணக்கும் விளையாட்டும்

விளையாட்டை விரும்பாத சிறுவர் இலர். கணக்கை விரும்பும் சிறுவரோ சிலரே. விளையாட்டிலும் எண் உண்டு. கணக்கிலும் எண் உண்டு. அவ்வாறிருக்க, ஒன்று இனிப்பதும் மற்றொன்று கசப்பதும் ஏன்? இரண்டையும் ஒன்றாக்கினால் அக்கசப்பு நீங்குமா? பெரும்பொருள் செலவிட்டு, கணக்கையே பொருளாகக் கொண்ட கணினி விளையாட்டு ஒன்றை ஆக்கினால் அது வெற்றி பெறுமா? கல்வியில் அக்கறை உடையோர் பலர் இந்நாளில் எழுப்பும் வினா இது. இதற்கு விடை தேடி நாம் கடல் கடந்து செல்ல வேண்டுவதில்லை. பழவேற்காட்டு ஏரிக்கரை வரை சென்றால் போதும்.

ஏரியும் சிறுவனும்

பழவேற்காடு சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள ஊர். அங்குள்ள ஏரி, கடல்நீரும் ஆற்றுநீரும் கலக்கும் காயல் ஆகும். இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் ஒடிசாவின் சிலிக்காவிற்கு அடுத்த இடம் பெற்றது அது. அதன் பெரும்பகுதி ஆந்திர மாநிலத்தையும் தென்பகுதி நம் மாநிலத்தையும் சார்ந்துள்ளன. 1613 ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் இங்கு ஒரு கோட்டை கட்டி வாணிகம் நடத்தினர். அக்கோட்டை இன்று இடிந்து கிடக்கின்றது. அவர்தம் கல்லறைகளே பெயர் சொல்ல எஞ்சி நிற்கின்றன. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே ஸ்ரீஹரிகோட்டா என்னும் நிலத்திட்டு நீண்டு கிடக்கின்றது. 1971 ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் முதல் அங்கிருந்து ஏவூர்திகள் விண்ணோக்கிச் செல்கின்றன. கரையெங்கும் மீனவர் குப்பங்கள். காலையில் படகு, மாலையில் வலை, இடையில் மீன் விலை. இதுவே அவர்தம் வாழ்வு.

சில ஆண்டுகளுக்கு முன்னர் உறவினர் ஒருவரைக் காண நான் அவ்வூர் சென்றிருந்தேன். மாலையில் ஏரிக்கரையில் உலவியபொழுது, கரையேற்றிய படகின் நிழலில் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் வலையை மடித்துக்கொண்டிருந்தான். அவனோடு பேச்சுக் கொடுத்தேன்.

“தம்பி, இன்று மீன் எவ்வளவுக்கு விற்றது?”

“நாலாயிரத்து இருநூறு ரூபாய் ஐயா.”

“அதனை எவ்வாறு பிரிப்பீர்கள்?”

“படகுக்கு இரண்டு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, போன ஆள்கள் நால்வர், ஆளுக்கு ஒரு பங்கு. ஆக ஏழு பங்கு. பங்குக்கு அறுநூறு. படகுக்கு ஆயிரத்து இருநூறு, வலைக்கு அறுநூறு, ஆளுக்கு அறுநூறு ஐயா.”

வலையை மடித்த கை நிற்கவில்லை, விடையும் தடைப்படவில்லை. நான் வியந்து, ஈர மணலில் விரலால் எழுதினேன்: 4,200-ஐ 2 : 1 : 4 என்னும் விகிதத்தில் பிரிக்க. அதனைக் கண்டதும் அவன் முகம் வாடியது.

“விகிதக் கணக்கு எனக்கு வராது ஐயா. கணக்குப் பாடத்தில் எப்பொழுதும் குறைந்த மதிப்பெண்தான். அடுத்த ஆண்டு பள்ளிக்குப் போவதாக இல்லை, அப்பாவோடு தொழிலுக்குப் போய்விடுவேன்” என்றான்.

என் நெஞ்சு துணுக்குற்றது. சற்று முன்னர் அவன் வாயாற் செய்து முடித்த கணக்கே அது! பங்கு என்றால் வருகின்றது. விகிதம் என்றால் வரவில்லை. கணக்கு வராத பிள்ளை அல்லன் அவன். தனக்கு வரும் கணக்கே கணக்கு என்பதனை அறியாத பிள்ளை. அவ்வறியாமை ஒன்றே அவனைப் பள்ளியை விட்டு அகற்ற இருந்தது. மீன்பிடித்தல் எவ்வகையிலும் தாழ்ந்த தொழில் அன்று. ஆயின், விரும்பி அத்தொழிலை மேற்கொள்வது வேறு. “எனக்கு வேறொன்றும் வராது” என்று நெஞ்சு சோர்ந்து மேற்கொள்வது வேறு அன்றோ?

அவனிடம் தந்தையின் கைப்பேசி இருந்தது. அதில் கணக்கு விளையாட்டு ஒன்றும் இருந்தது. அரக்கன் ஒருவன் கோட்டையைக் காக்கின்றான். கோட்டைக் கதவுகளில் ‘7 × 8 எவ்வளவு?’ என்பன போன்ற வினாக்கள் தோன்றுகின்றன. சரியான விடையைத் தொட்டால் கதவு திறக்கும். “இவ்விளையாட்டால் வாய்பாடு வந்ததா?” என்று வினவினேன். அவன் நகைத்து, “வினா வந்தால் எதையாவது அழுத்துவேன் ஐயா. நான்கு விடைகள்தாமே இருக்கின்றன? எப்படியும் கதவு திறந்துவிடும். அதன் பிறகுதான் விளையாட்டே இருக்கிறது” என்றான்.

கணக்கு விளையாட்டுகளைப் பற்றி ஒரு நூல் முழுவதும் எழுதி உணர்த்த வேண்டிய உண்மையை அச்சிறுவன் ஒரு தொடரில் உணர்த்திவிட்டான். அவ்விளையாட்டில் கணக்கு, வழியில் கிடக்கும் முள். ஆட்டமோ முள்ளுக்கு அப்பால் இருக்கின்றது.

முன்னோர் ஆடிய ஆட்டங்கள்

விளையாட்டையும் எண்ணையும் இணைக்கும் முயற்சி இன்று தோன்றியது அன்று. நம் வீடுகளில் மகளிரும் சிறாரும் ஆடும் பல்லாங்குழியை எண்ணிப் பாருங்கள். ஏழு ஏழாக இரு வரிசை. ஆகப் பதினான்கு குழிகள். குழிக்கு ஐந்து சோழி இட்டு ஆடுவோமாயின் 70 சோழிகள். ஒரு குழியில் உள்ளவற்றை எடுத்து, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாக இட்டுச் செல்வர். எக்குழியிலிருந்து தொடங்கினால் எக்குழியில் கை ஓயும், அதற்கு அப்பால் உள்ள குழியில் எத்துணைக் காய் கிடைக்கும் என்று முன்னரே உய்த்துணர்பவரே வெல்வர். ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் அது ‘பசு’. குழிக்கு உரியவர் அதனை எடுத்துக்கொள்வர். கூட்டல், வகுத்தல், மீதி காணல் ஆகிய எல்லாம் இதனுள் அடங்கியுள்ளன. ஆயினும் எந்தப் பாட்டியும், “வா, கணக்குப் பயிலலாம்” என்று பேரனை அழைத்ததில்லை. “வா, ஆடலாம்” என்றே அழைத்தாள்.

ஆடு புலி ஆட்டமும் அத்தகையதே. மூன்று புலிகள், பதினைந்து ஆடுகள். வலிமை ஒரு பக்கம். எண்ணிக்கை மறு பக்கம். இவ்விரண்டையும் எவ்வாறு சமன் செய்வது என்பதே அவ்வாட்டத்தின் உயிர். சிந்தனை ஒன்றையே முதலாகக் கொண்ட சதுரங்கத்தில், 1988 ஆம் ஆண்டில் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனவரும் சென்னையைச் சேர்ந்த விசுவநாதன் ஆனந்தே. 2024 ஆம் ஆண்டில் பதினெட்டு வயதில் உலக வாகையர் பட்டம் வென்றவரும் சென்னையைச் சேர்ந்த குகேசே. கடுஞ்சிந்தனையை மக்கள் வெறுப்பர் என்பது உண்மையாயின், இவ்வாட்டம் இத்துணை நூற்றாண்டு வாழ்ந்திருக்க இயலாது.

காரிநாயனார் இயற்றிய ‘கணக்கதிகாரம்’ என்னும் பழந்தமிழ்க் கணக்கு நூலிலும் விளையாட்டுச் சுவை உண்டு. பலாப்பழத்தை அறுக்காமலே அதனுள் எத்துணைச் சுளை உள்ளன என்று கூறுவது எவ்வாறு என்பது அந்நூல் ஆராயும் வினாக்களுள் ஒன்று. 1887 ஆம் ஆண்டில் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் பயின்ற கணித மேதை இராமானுசன், பள்ளிப் பருவத்திலேயே எப்பக்கம் கூட்டினும் ஒரே தொகை வரும் மாயச் சதுரங்களை அமைத்து மகிழ்ந்தார். மேலைநாட்டிலும் 1654 ஆம் ஆண்டில், இடையில் நின்றுபோன ஆட்டம் ஒன்றில் பந்தயப் பொருளை எவ்வாறு பங்கிடுவது என்று பாஸ்கல், பெர்மா என்னும் அறிஞர் இருவரும் எழுதிக்கொண்ட கடிதங்களிலிருந்தே நிகழ்தகவு என்னும் கணிதத்துறை வளர்ந்தது. எனவே, விளையாட்டும் கணக்கும் ஒன்றுக்கொன்று அயல் அல்ல. ஒரு வீட்டிற் பிறந்த உடன்பிறப்புகளே.

திரையில் தோன்றிய விளையாட்டுகள்

இனிக் கணினித் திரைக்கு வருவோம். 1983 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ‘மேத் பிளாஸ்டர்’ என்னும் விளையாட்டு வெளிவந்தது. கூட்டல், பெருக்கல் வினாக்களுக்கு உரிய விடையைச் சுட்டு வீழ்த்துவது அதன் முறை. விடையை விரைந்து கூறும் பழக்கத்திற்கு அது துணை செய்தது. ஆயினும் அது பயிற்சித்தாளின் வேறு வடிவமே. 2012 ஆம் ஆண்டில் நார்வே நாட்டிலிருந்து வந்த ‘டிராகன்பாக்ஸ்’ வேறு நெறியை மேற்கொண்டது. அதன் தொடக்கத்தில் எண்ணும் இல்லை, எழுத்தும் இல்லை, படங்களே உள்ளன. ஒரு பக்கத்தில் சேர்ப்பதை மறு பக்கத்திலும் சேர்க்க வேண்டும் என்னும் விதிப்படி ஆடிச் செல்லச் செல்ல, படங்கள் மெல்ல மெல்ல எண்களாகவும் எழுத்துகளாகவும் மாறுகின்றன. தான் இயற்கணிதச் சமன்பாட்டைத் தீர்த்துக்கொண்டிருப்பதைக் குழந்தை பின்னரே உணர்கின்றது. இங்குக் கணக்கு கதவில் ஒட்டிய வினா அன்று, ஆட்டமே கணக்கு.

கணக்கு என்னும் பெயரையே சூட்டிக்கொள்ளாமல் உலகை வென்ற விளையாட்டுகளும் உண்டு. 1984 ஆம் ஆண்டில் மாஸ்கோவில் அலெக்சி பஜித்னோவ் என்பார் ‘டெட்ரிஸ்’ என்னும் விளையாட்டை ஆக்கினார். நான்கு சதுரங்களால் ஆகிய ஏழு வடிவங்களை இடைவெளியின்றி அடுக்குவதே அதன் முழுப்பொருள். வடிவியலன்றி அதில் வேறொன்றும் இல்லை. 2009 ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டில் ஒருவர் தொடங்கிய ‘மைன்கிராஃப்ட்’ என்னும் கட்டடம் கட்டும் விளையாட்டு, 2023 ஆம் ஆண்டளவில் 30 கோடிப் படிகளுக்கு மேல் விற்றது. நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்றையும் எண்ணாமல் அதில் ஒரு சுவரும் எழுப்ப இயலாது. அதனுள்ளேயே கணக்கிடும் பொறிகளை அமைத்துக் காட்டிய இளைஞரும் உளர்.

நம் வினாவிற்கு மிக நெருங்கிய சான்று மற்றொன்று. மெக்சிகோவில் சிறு குழுவொன்று ‘கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்’ என்னும் விளையாட்டை 2011 ஆம் ஆண்டில் முதலில் வெளியிட்டு, 2015 ஆம் ஆண்டில் நிறைவு செய்தது. ஆடுவோர் தாமே ஏவூர்தி அமைத்து விண்ணில் ஏவ வேண்டும். எரிபொருள் மிகுந்தால் ஊர்தி கனக்கும். குறைந்தால் பாதியில் வீழும். சுற்றுப்பாதையின் இயல்பை அறியாதவர் திங்களை எட்ட இயலாது. உலகெங்கும் இளைஞர் பலர், யாரும் ஏவாமலே, நூல்களைத் தேடி விண்வெளிக் கணக்குகளைப் பயின்றனர். விளையாட வேண்டும் என்னும் வேட்கை ஒன்றே அவர்களுக்கு ஆசிரியர் ஆயிற்று. பழவேற்காட்டுச் சிறுவர்க்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். ஏவூர்தி எழும் நாளில், கடலின் குறித்த பகுதிக்குச் செல்ல வேண்டா என்று அவர்தம் தந்தையர்க்கு அறிவிப்பு வரும். 2023 ஆம் ஆண்டு சூலை 14 ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எழுந்த சந்திரயான்-3, நாற்பதாம் நாளில் திங்களின் தென்துருவத்தை ஒட்டி இறங்கியதும் இத்தகைய கணக்கின் வன்மையால் அன்றோ?

அவ்விளையாட்டின் பிற்கதை இன்னும் சிறந்த படிப்பினை தருகின்றது. பெரிய வெளியீட்டு நிறுவனம் ஒன்றின் பொருள்வலியோடு, அழகிய காட்சிகளுடன் அதன் இரண்டாம் பாகம் 2023 ஆம் ஆண்டில் வந்தது. பிழைகள் மலிந்திருந்தமையால் ஆடுவோர் மனம் நிறையவில்லை. 2024 ஆம் ஆண்டில் அதனை ஆக்கிய கூடமே மூடப்பட்டது. சிறு பொருளில் பிறந்தது நிலைத்தது. பெரும்பொருளில் பிறந்தது நிலைக்கவில்லை.

மணலில் ஆடிய ஆட்டம்

அன்றிரவு முழுவதும் அச்சிறுவனின் நினைவே எனக்கு. மறுநாட் காலை அவனைத் தேடிச் சென்று, “பாடு என்றால் என்ன, தம்பி?” என்று கேட்டேன்.

பாடு என்பது பழவேற்காட்டு மீனவர் நெடுங்காலமாகப் போற்றிவரும் முறை. ஏரி கடலோடு கூடும் முகத்துவாரத்தை அடுத்த இடங்களில் நீரோட்டம் வலிது. அங்கு வலை கட்டினால் இறால் மிகுதியாகக் கிடைக்கும். எல்லாரும் ஒரே இடத்திற்கு விரைந்தால் பூசலே மிஞ்சும். ஆதலின், உரிமை உடைய குப்பத்தார் தம்முள் முறை வைத்துக்கொண்டு, இன்னார்க்கு இன்ன இடம், இன்ன நாள் என்று குலுக்கல் இட்டு வரையறுத்துக்கொள்வர். இவ்வுரிமை ஏரியைச் சூழ்ந்த எல்லாக் குப்பங்களுக்கும் இல்லை. அதனால் வழக்குகள் எழுந்ததும் உண்டு. குறையே இல்லாத ஏற்பாடு என்று இதனைக் கூறுதல் பொருந்தாது. ஆயினும், ஒருவர் வயிறு நிறைய மற்றவர் வாடலாகாது என்னும் எண்ணத்தில் பிறந்தது அது. குலுக்கல் ஐயத்தை நீக்கும். முறை ஏற்றத்தாழ்வை நீக்கும்.

சிறுவன் இவற்றை எனக்கு விளக்கினான். நான் மணலில் பதினைந்து கிளிஞ்சல்களை வரிசையாக வைத்தேன். “இவை பிரதமை முதல் பௌர்ணமி வரை உள்ள பதினைந்து திதிகள். பதினைந்தாவது இடத்தில் இப்பெரிய சங்கை வைக்கிறேன். அன்று ஓதம் மிகும், வலை நிறையும். பௌர்ணமியை அடுத்து அமாவாசை வரையிலும் பதினைந்து. அவ்வீற்றிலும் சங்கு உண்டு. இடம் ஒன்றே, நாளுக்கு ஒரு வீட்டார் என மாறி மாறி வருவர். நீயே ஊர்த்தலைவன். ஐந்து வீட்டார்க்கு முறை வை” என்றேன்.

அவன் ஒன்று முதல் ஐந்து வரை எண்ணி, மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கினான். சங்கு ஐந்தாம் வீட்டார்க்குச் சென்றது. அடுத்த பதினைந்து நாளையும் எண்ணினான். அப்பொழுதும் ஐந்தாம் வீட்டார்க்கே சென்றது. மூன்றாம் முறையும் அவ்வாறே.

“ஐயா, இது அநியாயம்! ஒரே வீட்டாருக்கு எப்பொழுதும் சங்கு போகிறதே” என்று வெகுண்டான்.

“ஆறு வீட்டாராயின்?”

எண்ணினான். முதலில் மூன்றாம் வீட்டார்க்கு. அடுத்து ஆறாம் வீட்டார்க்கு. பின்னர் மீண்டும் மூன்றாமவர், மீண்டும் ஆறாமவர். மற்றை நால்வருக்கும் சங்கு கிட்டவே இல்லை. ஏழு வீட்டார் எனக் கொண்டபொழுதோ புதுமை நிகழ்ந்தது. முதலில் முதலாம் வீட்டார்க்கு; அடுத்து இரண்டாம் வீட்டார்க்கு; அடுத்து மூன்றாம் வீட்டார்க்கு. ஏழு பட்சங்களில் ஏழு வீட்டார்க்கும் சங்கு சென்றது. அவன் துள்ளி எழுந்தான்.

நான் வாளாவிருந்தேன். அவனே, “எட்டுப் பேர் என்றால்?” என்று தன்னைத்தானே வினவிக்கொண்டு மீண்டும் மணலில் குனிந்தான். எட்டும் நன்றாக அமைந்தது. ஒன்பதில் மூவர்க்கே கிட்டியது; பத்தில் இருவர்க்கே கிட்டியது. நெடுநேரம் கிளிஞ்சல்களை நோக்கியிருந்து, “ஐயா, மூன்றாலோ ஐந்தாலோ வகுபடும் எண்ணாக இருந்தால் கெடுகிறது. பதினைந்து மூன்றாலும் ஐந்தாலும்தானே ஆனது? அவற்றின் உறவு இல்லாத எண்ணே எல்லாருக்கும் சமமாகக் கொடுக்கிறது!” என்றான்.

மாணவர்களே, பொது வகுத்தி என்று நீங்கள் வகுப்பில் பயிலும் பொருளே இது. 15-க்கும் 6-க்கும் மீப்பெரு பொது வகுத்தி 3. ஆறினை மூன்றால் வகுக்க வரும் இருவர்க்கே சங்கு. 15-க்கும் 7-க்கும் ஒன்றைத் தவிரப் பொது வகுத்தி இல்லை. ஆதலின் எழுவர்க்கும் சங்கு. உண்மையான பாடு இதனினும் சிக்கலானது. அதில் இடங்கள் பல, வழக்குகள் பல. திதியும் நாளும் முற்றும் ஒத்து நடப்பதும் இல்லை. ஆயினும் இவ்வெளிய ஆட்டத்தில் அவன் கண்டது மெய்யான கணிதமே. விடையைத் தொட்டால் கதவு திறக்கும் என்று எவரும் அவனுக்கு ஆசை காட்டவில்லை. அநியாயத்தைக் கண்டு அவன் உள்ளம் கொதித்தது. அக்கொதிப்பே அவனைக் கணக்கிடச் செய்தது. “எட்டுப் பேர் என்றால்?” என்று அவன் கேட்டானே, அவ்வினாவே வெற்றியின் அறிகுறி. பிறர் கேட்ட வினாவிற்கு விடை கூறுவது பயிற்சி. தானே அடுத்த வினாவைக் கேட்பது கல்வி.

பெரும்பொருள் என் செய்யும்?

இனி நம் முதல் வினாவிற்குத் திரும்புவோம். இந்நாளில் பெருஞ்செலவில் ஆகும் கணினி விளையாட்டு ஒன்றற்கு 20 கோடி அமெரிக்க டாலரினும் மிகுந்த பொருள் செலவாவதும் உண்டு. இருநூறு முந்நூறு பேர் ஆண்டுக்கணக்கில் உழைப்பர். அத்துணைப் பொருள் கணக்கிற்குக் கிடைத்தால் நன்மை இல்லையா எனின், உண்டு. ஏற்றமும் வற்றமும் உடைய ஏரியை அவ்வாறே திரையில் காட்டலாம். காற்றையும் உப்பையும் மீன்வரத்தையும் மெய்போல் இயங்கச் செய்யலாம். நூறு வீட்டார்க்கு முறை வகுக்கும் பொறுப்பைச் சிறுவன் கையில் தரலாம். அவன் வகுத்த முறையால் ஓராண்டில் எவ்வீடு செழித்தது, எவ்வீடு நலிந்தது என்று ஒரு நாழிகைக்குள் காட்டலாம். மணலில் கிளிஞ்சலால் இவையெல்லாம் இயலா. நல்ல தமிழில், விலை குறைந்த கைப்பேசியிலும் இயங்குமாறு அதனை அமைப்பதற்கும் பொருள் வேண்டும்.

ஆயின் பொருளால் வாங்க இயலாதனவும் உள. முதலாவது, கணக்கே ஆட்டத்தின் துடுப்பாக இருத்தல் வேண்டும். படகில் ஏற்றிய சுமையாக இருத்தல் ஆகாது. துடுப்பை எடுத்துவிட்டால் படகு நகராது. சுமையை எடுத்துவிட்டாலோ விரைந்து செல்லும். ஒரு விளையாட்டிலிருந்து கணக்கை நீக்கிப் பாருங்கள். அதன் பின்னரும் ஆட்டம் முன்போலவே நடைபெறுமாயின், அது கணக்கு விளையாட்டு அன்று. இரண்டாவது, தவறு செய்தவன் நாணாமல் மீண்டும் முயல இடம் வேண்டும். மணலில் எழுதியது பிழையானால் கையால் துடைத்துவிட்டு மறுபடி எழுதலாம். கரும்பலகையின் முன் பிழை செய்தவனுக்கு வகுப்பு முழுவதும் நகைக்கும் ஒலியே நெடுநாள் காதில் நிற்கும். மூன்றாவது, ஆட்டத்தில் கண்டதை எழுத்தோடும் குறியீட்டோடும் இணைத்துக் காட்ட ஓர் ஆசிரியர் வேண்டும். பங்கு அறிந்த சிறுவன் விகிதம் அறியாது நின்றானே. அவ்விடைவெளியைத் திரை தானே நிரப்பிவிடாது.

மேலும் ஓர் இடர் உண்டு. பெரும்பொருள் இட்டவர் அதனை மீட்க விழைவர். அதற்காகச் சிறுவரை இரவும் பகலும் திரையின் முன் கட்டிவைக்கும் பொறிகளைச் சேர்ப்பாராயின், கணக்கு தூண்டிலில் கோத்த இரையாகிவிடும். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளால் குடும்பங்கள் பல நலிந்தமை கண்டு, 2025 ஆம் ஆண்டில் இந்திய நாடாளுமன்றம் அவற்றைத் தடுக்கச் சட்டம் இயற்றியதனை நீங்கள் அறிவீர்கள். விளையாட்டு அறிவை வளர்ப்பதா, ஆளை விழுங்குவதா என்று பகுத்தறிதலும் கல்வியின் ஒரு கூறே. நிகழ்தகவு அறிந்தவன், சூதில் இறுதியில் வெல்பவர் சூதை நடத்துபவரே என்பதனையும் அறிவான்.

ஆகவே, ‘பெருஞ்செலவுக் கணக்கு விளையாட்டு வெற்றி பெறுமா?’ என்னும் வினாவிற்கு நான் கூறும் விடை இதுவே: பெறக்கூடும், ஆயின் செலவினால் அன்று. கணக்கினின்றும் ஆட்டம் பிறக்குமாயின் அது சிறு செலவிலும் வெல்லும். ஆட்டத்தின்மேல் கணக்கை ஒட்டினால் பெருஞ்செலவிலும் தோற்கும். விற்ற படிகளின் தொகை வணிகர்தம் வெற்றியைக் காட்டும். ஆடி முடித்து எழுந்த சிறுவன் தானாகக் கேட்கும் அடுத்த வினாவே கல்வியின் வெற்றியைக் காட்டும்.

நான் ஊர் திரும்பும் முன்னர், முதல்நாள் எழுதிய 2 : 1 : 4 என்பதனை மீண்டும் மணலில் எழுதினேன். சிறுவன் அதனைச் சற்றே உற்று நோக்கினான். படகு, வலை, ஆள் என்று ஒவ்வோர் எண்ணின் மேலும் விரலை வைத்தான். பின்னர் நிமிர்ந்து, “ஐயா, இது எங்கள் பங்குதானே?” என்றான்.

“ஆம் தம்பி, உங்கள் பங்குதான்” என்றேன்.

அவ்வாண்டு அவன் பள்ளியை விட்டு நிற்கவில்லை என்று உறவினர் வாயிலாகப் பின்னர் அறிந்தேன். அதற்குக் கிளிஞ்சல் ஆட்டமே காரணம் என்று கூறத் துணியேன். அவன் தாயின் உறுதியும் அவ்வூர் ஆசிரியர் ஒருவரின் அன்பும் அதில் மிகுதி. ஆயினும், பெரும்பொருள் உடையார் பெருவிளையாட்டு ஆக்கித் தரும் நாள் வரையில் நாம் காத்திருக்க வேண்டுவதில்லை என்பதனை அந்த இரு நாள்களில் நான் கற்றேன். கரையில் கிளிஞ்சல் உண்டு; வீட்டில் பல்லாங்குழி உண்டு; அவரவர் தொழிலிலும் கணக்கு உண்டு. அதனை அறிந்து ஆடுவோமாக!

பயிற்சி வினாக்கள்

1. சிறுவனுக்குப் பங்கு வந்தது, விகிதம் வரவில்லை. இதன் காரணத்தை உங்கள் சொற்களில் விளக்குக.
2. ‘துடுப்பு’, ‘சுமை’ என்னும் உவமைகளால் ஆசிரியர் உணர்த்தும் கருத்து யாது?
3. குலுக்கல் நீக்குவது எது? முறை நீக்குவது எது? பாடு முறையைக் கொண்டு விளக்குக.
4. பன்னிரண்டு வீட்டாராயின் எத்துணை வீட்டார்க்குச் சங்கு கிட்டும்? எண்ணிப் பார்த்துக் காரணம் கூறுக.
5. உங்கள் ஊரில் நடைபெறும் தொழில் ஒன்றில் அமைந்துள்ள கணக்கைக் கண்டறிந்து, அதனை ஒரு விளையாட்டாக அமைத்து ஒரு பக்க அளவில் எழுதுக.